வேனில் மூன்று ராத்திரி

"கேம்ப்புக்குப் போறோம்மா" என்றேன். "யாருக்குக் கண்ணுல கோளாறு?" என்று கேட்டாள் அம்மா.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்க சனத்துக்குக் கேம்ப் என்றால் கண் கேம்ப். அதற்கு முந்தி குடும்பக்கட்டுப்பாட்டுக் கேம்ப். அதற்கும் முந்தி, பாட்டி காலத்தில், மண்டபம் கேம்ப். கங்காணி பேச்சை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்ட சனங்களை மண்டபத்தில் அடைத்துவைத்து, காலரா இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். இன்றைக்கும் அங்கிருக்கிற ரயில் நிலையத்துக்குப் பேர் மண்டபம் கேம்ப்தான். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1983க்குப் பிறகு அகதியாகத் திரும்பி வந்தபோதும் அதே மண்டபம், அதே கேம்ப். நான் வாக்கப்பட்ட காரியாபட்டிக்குப் பக்கத்தில் மல்லாங்கிணறில் ஒரு முகாம் இருக்கிறது. 2021இல் அரசாங்கம் 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பேர் மாறியது. ஆக, கேம்ப் என்பது நம்மை யாரோ கொண்டுபோய் வைக்கிற இடம். நாமாகக் கிளம்பிப் போகிற இடமல்ல.

நாங்கள் போனது வேறு கேம்ப். 2025 மே மாதம், நானும் அவரும், அவர் அண்ணனுடைய பழைய ஆம்னி வேனில். பின் சீட்டைக் கழற்றி இரண்டு பலகை போட்டு, அதன்மேல் பழைய மெத்தை. ஒரு சின்ன காஸ் அடுப்பு, தண்ணிக் கேன், கொசுவலை. யோசனை அவருடையது. அமெரிக்காவில் வயசான புருசனும் பொண்டாட்டியும் வீடு மாதிரி ஒரு வண்டிக்குள் அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வைத்துக்கொண்டு கோடை முழுக்க மலை மலையாகச் சுற்றுவதை போனில் பார்த்திருக்கிறார். நமக்குக் கேரவன் என்றால் சினிமா நடிகர் வெயிலுக்கு ஒதுங்குகிற வண்டி. கேரளாவில் அதையே சுற்றுலாவாக்கி 2021இல் கொள்கை அறிவித்தார்கள். அதன் வாடகை நமக்கு ஆகாது. "மூணு நாள் சும்மா இருப்போம், கூட்டம் இல்லாம, நோட்டீசு இல்லாம" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருசத்தில் நாங்கள் சேர்ந்து வெளியூர் போனதெல்லாம் ஆர்ப்பாட்டத்துக்கும் சாவு வீட்டுக்கும்தான். கூட்டத்தில் அவர் எனக்குத் தோழர். வீட்டில் 'ஏப்பா'.

அம்மாவுக்கு விளங்கவைக்க முடியவில்லை. "வீட்டுல படுக்க எடமில்லாமயா ரோட்டுல போயிப் படுக்கப் போறீக? நாங்கதான் விதியேன்னு படுத்தோம்" என்றாள். கதிரறுக்கப் போன ஊர்களில் களத்துமேட்டிலும் கண்மாய்க்கரையிலும் படுத்து எழுந்தவள். வெட்டவெளியில் படுப்பது அவளுக்குச் சுகமில்லை, மானக்கேடு.

எனக்குமே வேன் என்ற சொல் வேறு மாதிரித்தான் கேட்கும். நான் பிறந்தது சாத்தூர்ப் பக்கம். அங்கே வேன் என்றால் தீப்பெட்டி ஆபீஸ் வேன், பயர் ஆபீஸ் வேன். விடியக்காலம் நாலு மணிக்கு ஆரன் அடிக்கும். முழுப்பரீட்சை லீவு விட்டால் ஒன்பது வயசு, பத்து வயசுப் பிள்ளைகள் நாங்களும் தூக்குச்சட்டியோடு ஏறுவோம். பதினாலு வயசுக்குக் கீழே தீப்பெட்டி, பட்டாசு வேலை கூடாது என்று 1986லேயே சட்டம் வந்தாயிற்று. நான் ஏறியது 1998இல். சோதனைக்கு ஆள் வருகிறது என்றால் எங்களைப் பின்பக்கமாக ஓடையில் இறக்கிவிடுவார்கள். அங்கே உட்கார்ந்து ஒருத்தர் தலையில் ஒருத்தர் பேன் பார்ப்போம். கோடை விடுமுறையில் நான் அனுபவித்த ஓய்வு அந்த ஓடைதான். எங்களுக்கு முந்தைய தலைமுறையில், 1976இல், பிள்ளைகளை ஏற்றிப்போன கம்பெனி வண்டி வெள்ளத்தில் சிக்கிப் பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஹர்பன்ஸ் சிங் குழு என்று ஒன்று போட்டார்கள். பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு மறுநாளும் எங்களை வேனில் ஏற்றிவிடுவார்கள். வேறென்ன செய்வார்கள்?

அம்மா பயர் ஆபீசில் சரம் பின்னுகிறவள். எண்ணிக்கைக் கூலி. உட்கார்ந்தால் காசில்லை. சம்பளத்தோடு லீவு என்பது அவள் கேள்விப்படாத சரக்கு. ஆனால் இந்த நாட்டில் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1945இல் தொழிற்சாலைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அப்போது வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர். மறு வருசம் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 ஆனதும் அவர் கொண்டுவந்த மசோதாவால்தான். அரசியல் சட்டம் எழுதியவர் என்று சிலை வைக்கிறோம், மாலை போடுகிறோம். லீவு வாங்கிக் கொடுத்தவர் என்று நாமே எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்?

கொடைக்கானலுக்குப் போவதென்று முடிவு. 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் எடுக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை நாள், தங்குவது எங்கே என்று கேட்கிறது. "வேனுலன்னு போடு" என்றேன். அதற்குக் கட்டம் இல்லை.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது அவர் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். கொடைக்கானலை 1845இல் உண்டாக்கியது மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள். கீழே வெக்கையும் காய்ச்சலும் தாங்காமல் மேலே பங்களா கட்டிக்கொண்டார்கள். கார் ரோடு வருவதற்கு முன்னால் அவர்களை டோலியிலும் நாற்காலியிலும் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்தே மேலேற்றினார்கள். "சுமந்தவன் ராத்திரி எங்க படுத்தான்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல பாரு" என்றார். "ஏப்பா, சும்மா இருக்கத்தானே வந்தோம்" என்றேன். சிரித்துக்கொண்டு வாயை மூடினார். பெருமாள்மலை வரைக்கும்தான் தாங்கிற்று.

முதல் ராத்திரி ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. குளிர். நாலு மணிக்கு முழிப்புத் தட்டிவிட்டது எனக்கு. ஆரன் எதுவும் அடிக்கவில்லை. ஆனால் உடம்பு ஆரனை எதிர்பார்த்துக் கிடந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் டார்ச் வெளிச்சத்தில் ஒரு துண்டறிக்கைக்குப் புரூப் திருத்திக்கொண்டிருக்கிறார். மடிப்பு மடிப்பாக மெத்தைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார் மனுசன். நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். சும்மா இருக்கப் போன இடத்திலும் அடுப்பு பொம்பளைக்குத்தான் என்று சண்டை வந்தது. மத்தியானத்திலிருந்து அவர் பொங்கினார். குழைந்த சோறு. குறை சொல்லாமல் தின்றேன்.

இரண்டாம் நாள் மேல்மலைக்குப் போனோம். பூம்பாறைப் பக்கம் படிக்கட்டு மாதிரி இறங்குகிற பூண்டு வயல். ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டேன். மேகம் வந்து வண்டிக்குள்ளேயே புகுந்தது. ஒரு மணி நேரம் எதையும் யோசிக்காமல் கிடந்தேன் என்று சொன்னால் பொய். வாங்கின கடன், மாமியாருடைய மாத்திரை எல்லாம் வந்து வந்து போயிற்று. ஆனால் எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அது புதுசாக இருந்தது.

ராத்திரிக்கு இடம் தேட வேண்டியதாயிற்று. ஆம்பளைக்கு எந்தப் பள்ளத்திலும் ஒதுங்கிக்கொள்ளலாம். எனக்கு அது மாத நாள் வேறு. ஒரு தோட்டத்தில் வண்டி நிறுத்திக்கொள்ளலாம், கக்கூஸ் சாவியும் தருவோம், ராத்திரிக்கு 400 ரூபாய் என்றார்கள். ஊர்ப் பேர் வேண்டாம். தோட்டக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"எந்த ஊரு?"

"காரியாபட்டி."

"அங்கன நம்ம சம்பந்தகாரக இருக்காகளே. காரியாபட்டியில எந்தப் பக்கம்?"

தோழர்களே, இந்தக் கேள்வி உங்களுக்குத் தெரியும். 'எந்தப் பக்கம்' என்பது திசையல்ல. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்திருந்தார். நாங்கள் மலையேறியது அடுத்த மாதம். எடுத்துவிட்ட சொல்லைத்தான் அந்த மனுசர் எங்கள் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தார்.

அவர் ஊர்த்தெரு ஒன்றின் பேரைச் சொன்னார். எத்தனை மேடையில் மைக்கைப் பிடித்து முழங்கிய வாய். "அப்படிப் போடுங்க, நம்மாளுகதானா!" என்று தோட்டக்காரர் தோளில் தட்டி, சாவியைக் கையில் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தவில்லை. எனக்கு அந்தச் சாவி வேண்டியிருந்தது.

ராத்திரி இரண்டு பேரும் முதுகைக் காட்டிப் படுத்திருந்தோம். எனக்குப் பரோடா ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த அம்பேத்கருக்குப் பரோடா அரசாங்கத்தில் உத்தியோகம் கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுடைய விடுதி ஒன்றில் பார்சிப் பேரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். எந்தச் சிநேகிதனும் இடம் கொடுக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதை அவரே 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று எழுதிவைத்திருக்கிறார். 1990இல்தான் தனிப் புத்தகமாக வந்தது. எம்.ஏ. படிக்கும்போது வாசித்தேன். அப்போது தடியோடு வந்தவர்கள் மேல்தான் கோவம் வந்தது. அந்தப் பத்து நாளும் பொய்ப் பேரோடு எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் யோசித்ததே இல்லை.

அமெரிக்காவிலும் கறுப்பர்களுக்கு வழியில் விடுதி கிடைக்காது. காரிலேயே படுத்து எழுந்து போனார்கள். எந்த ஊரில் நம்பித் தங்கலாம், சாப்பிடலாம் என்று பட்டியல் போட்டு விக்டர் கிரீன் என்கிற தபால்காரர் 1936லிருந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர்களுக்குத் தோலைப் பார்த்தால் போதும். நம்மைக் கண்டுபிடிக்கத் தெருவைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் நமக்குப் பொய் சொல்ல ஒரு சந்து கிடைத்துவிடுகிறது. அந்தச் சந்தில்தான் அன்றைக்கு நாங்கள் படுத்திருந்தோம்.

விடிந்ததும் தோட்டக்காரர் வீட்டுக்காரம்மா எவர்சில்வர் தம்ளரில் டீ கொண்டுவந்தது. "மதினி, குளிர் தாங்குச்சா?" என்றது. இந்த 'மதினி'தான் என்னை உலுக்கிவிட்டது. கள்ளமில்லாமல் கூப்பிட்டது அந்த அம்மா. டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்: "மதினின்னு கூப்பிட்டீக. நாங்க நீங்க நெனைக்கிற தெரு இல்லைங்க. காலனி."

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. நீட்டின தம்ளரை வாங்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அப்புறம் என் கை தானாகவே குழாயடிக்குப் போய், தம்ளரைக் கழுவி, திண்ணையில் கவிழ்த்து வைத்தது. யாரும் கழுவச் சொல்லவில்லை. டீக்கடைகளில் தனித் தம்ளருக்கு எதிராக மனுக் கொடுத்தவள் நான், கணக்கெடுத்தவள் நான். அந்தக் கை எங்கே கற்றது? பாட்டி கையா, அம்மா கையா? தோட்டக்காரர் மேல் வந்த கோவம் மலை இறங்குவதற்குள் ஆறிவிட்டது. இந்தக் கை மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.

பத்து நிமிசத்தில் ஒரு பையன் வந்தான். "அப்பா கேட்டத் திறந்துவிடச் சொன்னாரு" என்றான். சத்தம் இல்லை, தடி இல்லை. கேட் திறந்தது, அவ்வளவுதான். சாவியைப் பையன் கையில் கொடுக்காமல் தூணிலிருந்த ஆணியில் மாட்டினேன்.

வண்டியில் ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம் அவர், "ஒனக்காகத்தான சொன்னேன்" என்றார். "தெரியும்" என்றேன். "காலையில சொல்லாம வந்திருக்கலாம்ல?" "வந்திருக்கலாம்." "ஏன் சொன்ன?" "ரெண்டாவது டீ ஊத்திருவாகளோன்னு பயந்து சொன்னேன்" என்றேன். இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்றாம் ராத்திரி மலையிலேயே இருக்கப் பிடிக்கவில்லை. வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டோம். ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்க். காய்கறி லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியிலும் மேலேயும் படுத்திருந்தார்கள். நாங்களும் வரிசையில் ஆம்னியைச் சொருகினோம். பங்க் கக்கூஸ் திறந்தே கிடந்தது. நாறினாலும் சாவி கேட்க வேண்டியதில்லை. ஒரு டிரைவர் மட்டும் வந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, இந்த ஆம்னி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டார். "பதினாலு" என்றார் இவர். "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு எங்களை யாராவது கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

புழுக்கம், கொசு, லாரி ஏர்பிரேக் சத்தம். அத்தனைக்கும் நடுவில் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். கண்ணைத் திறந்தபோது மணி எட்டு. வெயில் முகத்தில் அடித்தது. எனக்கு நினைவு தெரிந்து எட்டு மணி வரைக்கும் படுத்திருந்தது அன்றைக்குத்தான். அவர் என்னை எழுப்பாமல் டீ வாங்கிவந்து வைத்திருந்தார். ஆறி ஏடு படிந்திருந்தது.

சாயங்காலம் காரியாபட்டிக்கு வந்து சேர்ந்தோம். மில்லு வேன் வந்து பொம்பளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. தலையெல்லாம் பஞ்சு. எங்க தெரு அத்தை ஒருத்தி எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மெத்தை, பலகை, அடுப்பு.

"எங்கத்தா போயிட்டு வாறீக? யாரும் செத்துட்டாகளா?"

"இல்லத்தை. சும்மா போனோம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் தலையிலிருந்த பஞ்சை ஒதுக்கிக்கொண்டு இன்னொரு தரம் உள்ளே பார்த்தாள். மெத்தையை ஒரு கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு பேருதான் படுக்க முடியுமா?" என்று கேட்டாள்.