அரை டிகிரி

கல்யாண வீடுகளில் அப்பா எந்த இசைத்தட்டையும் முடியவிட்டதில்லை. பக்கம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிடுவார். ஒரு சங்கதி முடிந்து மூச்சு விடும் இடம் பார்த்து ஊசியைத் தூக்குவார். பந்தியில் இருப்பவர்களுக்குப் பாட்டு முடிந்ததாகவே தோன்றும்.

திருவண்ணாமலையில் அப்பா 1968 முதல் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறைக் கடை. எட்டு குழாய் ஸ்பீக்கர், இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒரு ரெக்கார்டு ப்ளேயர், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். முகூர்த்த வீட்டுக்கு மேளக்காரர்கள் வந்து சேரும்வரை எங்கள் ஸ்பீக்கரில் காருக்குறிச்சி அருணாசலம்தான் வாசிப்பார். ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு நாகசுரம் வாசித்தவர். 1964-இல் மறைந்துவிட்ட அவர், அதற்குப் பிறகும் எங்கள் ஊரில் எத்தனையோ கல்யாணங்களை நடத்திவைத்தார். அந்த எல்.பி.யின் முதல் பக்கத்தை நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். கடைசி ஒரு நிமிடத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“ஏம்பா முடியறதுக்குள்ள எடுத்துடற?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

“கடைசில கரகரன்னு வரும்டா. ஊருக்கே கேக்கும். வுட்டா அப்புறம் டொக்கு டொக்குன்னு அடிச்சிகினே இருக்கும். நல்ல காரியம் நடக்கிற எடம்.”

அந்தக் கரகரப்புக்குக் காரணம் வெகுநாள் கழித்துதான் புரிந்தது. எல்.பி. ஒரு சுற்றுச் சுற்ற 1.8 வினாடி எடுத்துக்கொள்கிறது. வெளி ஓரத்தில் அந்த 1.8 வினாடியில் ஊசிக்குக் கீழே சுமார் 92 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது. நடுவில், லேபிளை ஒட்டி, 38 சென்டிமீட்டர்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதானால், சாலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவரையும் மலையடி உள்வழியில் போகிறவரையும் ஒரே எண்ணிக்கை அடி வைத்து, ஒரே நேரத்தில் சுற்றி முடிக்கச் சொல்வது போல. உள்வழிக்காரர் அடியைக் குறுக்கித்தான் ஆகவேண்டும். நாகசுரத்தின் நெளிவுகளும் அப்படித்தான் உள்தடத்தில் நெருக்கியடிக்கின்றன. கச்சேரியோ எப்போதும் உச்சத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறது. தவிலும் நாகசுரமும் முழு வேகத்தில் சேரும் இடம், தட்டில் இடமே இல்லாத இடம்.

இதோடு கையின் குறையும் சேர்கிறது. தட்டை வெட்டும் இயந்திரத்தின் முனை நேர்கோட்டில் உள்ளே போகிறது. நாம் வைக்கும் டோன் ஆர்ம் ஓர் அச்சில் நின்று வில்லாக வளைந்து போகிறது. வெட்டிய கோணமும் படிக்கும் கோணமும் பொருந்தாது. ஸ்வீடனைச் சேர்ந்த லோஃப்கிரேன் 1938-லும், பேர்வால்ட் 1941-லும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். கையின் முனையை ஒரு கோணத்தில் வளைத்து, ஊசி நடு அச்சைத் தாண்டிச் சற்று நீளுமாறு வைத்தால், முழுத் தட்டிலும் இரண்டே இடங்களில் பிழை பூஜ்யமாகும். மற்ற இடங்களில் பிழை இருக்கும், ஆனால் குறைவாக.

கை நீளமானால் வில்லின் வளைவு குறையும். வழக்கமான ஒன்பது அங்குலக் கையில் அதிகபட்சப் பிழை சுமார் 1.9 டிகிரி, பன்னிரண்டு அங்குலக் கையில் 1.4. இங்கிலாந்தின் எஸ்.எம்.இ. நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த 3012 என்ற நீளக் கையை இன்றும் ஆட்கள் தேடி வாங்குவது இந்த அரை டிகிரிக்காகவும்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், சென்னை நண்பர் ஒருவர் பழைய கேரார்ட் 401 ஒன்றைக் கைமாற்றிவிட்டார். 1965-இல் வந்த மாடல். மோட்டாரும் சுழல்தட்டும் மட்டும்தான். கை தனியாக வாங்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு அங்குலம். காருக்குறிச்சியின் கடைசி ஒரு நிமிடத்தைக் கேட்டுவிட வேண்டும்.

ஜப்பானில் செய்த பழைய கை ஒன்று கிடைத்தது. “ஊசியத் தூக்கிப் புடிக்கிற குச்சிக்கா ஸ்கூட்டர் வாங்குற காசு?” என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

பெட்டி செய்யச் செங்கம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் போனேன். எழுபது தாண்டியவர். கையின் அச்சு, தட்டின் நடுவிலிருந்து சுமார் 292 மில்லிமீட்டர் தள்ளி நிற்கவேண்டும், அதனால் வேங்கைப் பலகை அகலமாக வேண்டும் என்றேன். கையை வாங்கி, பின்னாலிருந்த எடைக்கல்லை நகர்த்தி, ஆட்டிப் பார்த்தார்.

“இது ஏத்தமாச்சே தம்பி.”

“ஆமாங்கய்யா, அதேதான்.”

“மரம் நீளமா போட்டா சாலு ஆழத்துல போவும். ஆனா மிதிக்க இன்னொரு ஆளு வேணும். அத்த யோசிச்சியா?”

நான் யோசித்திருக்கவில்லை. நீளக் கையில் முனை அச்சிலிருந்து தள்ளிப் போவதால் ஊசி இழுக்கவேண்டிய பாரம் கூடுகிறது. நுனியில் இருக்கும் ஒரு கிராமின் பாரம் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். அந்தப் பாரமும் ஊசியைத் தாங்கும் ரப்பரின் நெகிழ்வும் சேர்ந்து கைக்கு ஓர் இயல்பான ஆட்டத்தைத் தரும். அது வினாடிக்கு 8 முதல் 12 தடவைக்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் நெளிந்த தட்டுகளில் கை குதிக்கும். மேலே போனால் தவிலின் தொப்பியைத் தொட்டுவிடும். நெகிழ்வான கார்ட்ரிட்ஜ் நீளக் கைக்கு ஆகாது. விறைப்பானது வேண்டும். ஜப்பானின் என்.எச்.கே. வானொலிக்காக 1960-களில் உருவான டெனான் டி.எல். 103-ஐ வாங்கினேன். ஏற்றத்துக்கு இன்னொரு ஆள்.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வாங்கும் முன் செய்திருக்கவேண்டிய வேலை. அந்த அரை டிகிரி லாபம் கிடைப்பது தட்டின் வெளி ஓரத்தில். உள்ளே, லேபிளை ஒட்டிய கடைசித் தடத்தில், ஒன்பது அங்குலக் கையின் பிழை 0.8 டிகிரி, பன்னிரண்டில் 0.6. கணக்குப் போட்டவர்கள் ஏற்கெனவே உள்ளோரத்தைக் கவனித்துத்தான் பூஜ்யப் புள்ளி ஒன்றை அங்கே பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நான் எந்த ஒரு நிமிடத்துக்காக வாங்கினேனோ அந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது 0.2 டிகிரி. கார்ட்ரிட்ஜைத் திருகாணியில் முடுக்கும்போது விரல் நடுங்கினால் போய்விடும் அளவு. இதை மனைவியிடம் சொல்லவில்லை.

காகிதக் கோணமானியை வைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் முடுக்கினேன். மூன்றாம் நாள் காலையில் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து அந்த எல்.பி.யை எடுத்துக் கழுவினேன். காயவைத்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. தட்டு முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. ஐந்தாறு கிராமுக்குக் குறையாமல் அழுத்திய அந்தக் காலத்து ஊசி உழுத நிலம். லேபிளுக்குச் சற்று முன்னால் சாம்பல் நின்று, விரல் நகத்தைவிடக் குறுகிய ஒரு வளையம் கறுப்பாகப் பளபளத்தது.

அப்பா தூக்கிய இடம்.

அவருக்கு இப்போது 84. ஆயுள் முழுக்கக் குழாய் ஸ்பீக்கரின் கீழே உட்கார்ந்ததில் காது மந்தம். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். “இன்னாடா இது, இம்மாம் நீட்டு?” என்று கையைத் தொட்டுப் பார்த்தார்.

பக்கம் முழுக்கத் தேய்மானம் கேட்டது. மேல் ஸ்தாயியில் நாகசுரம் கிழிந்தது. எந்த நீளக் கையும் அதை ஒட்டவைக்காது. அப்பா தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சங்கதி வந்தது. அவர் வலது கை தானாக எழுந்து ப்ளேயரை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தார்.

“வுடுப்பா” என்றேன்.

கறுப்பு வளையத்துக்குள் ஊசி இறங்கியது. புழுதி படிந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தது போல ஒலி திறந்தது. தவில் தனியாக, சீவாளியின் காற்று தனியாக. ஓரத்தில் மிக லேசாக ஒரு கரகரப்பு இருந்தது, அது 0.6 டிகிரியோ, என் முடுக்கலோ. ஒன்பது அங்குலக் கையில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்டிருக்கும். முப்பத்துச் சொச்சம் சுற்றுகளில் ஸ்வரங்கள் ஏறிச் சேர்ந்து, தீர்மானம் விழுந்தது.

பிறகு டொக், டொக் என்று அடிக்க ஆரம்பித்தது. இரண்டு பேருமே எழவில்லை.

“இவ்ளோ நல்லா முடிச்சிருக்காரு” என்றார் அப்பா. “இத்தயா நான் ஒருத்தரையும் கேக்கவுடாம எடுத்துகினு இருந்தேன்?”

நீ எடுத்ததால்தான் இது இருக்கிறது என்று காதருகே குனிந்து சொன்னேன். சரியாகக் கேட்டதா தெரியவில்லை. “தூக்குடா, ஊசி தேயும்” என்றார்.