சிஎன்சி ரவுட்டரோட இசட் அச்சு: பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு செக்கப்

1/ இன்னைக்கு மருத்துவப் பதிவு இல்லை மக்களே, கடைசியில் கொஞ்சம் மட்டும்தான். வீட்டில் 3018 மாதிரி சின்ன சிஎன்சி ரவுட்டர் வெச்சிருக்கவங்களுக்கும் வாங்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கும் இந்த த்ரெட். மத்தவங்களும் படிங்க, புரியுற மாதிரிதான் சொல்றேன்.

2/ கம்ப்யூட்டர் சொல்ற பாதையில் சுழலும் கட்டர் போய் மரத்தைச் செதுக்கும். அவ்வளவுதான் மெஷின். 3018னா வேலை செய்யுற பரப்பு 30 செ.மீ.க்கு 18 செ.மீ. எக்ஸ் இடவலம், ஒய் முன்பின், இசட் மேல் கீழ். எவ்வளவு ஆழம் வெட்டணும்னு முடிவு பண்றது இசட் தான்.

3/ டாக்டருக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. சர்க்கரை நோயால் பார்வை போனவங்களுக்கு மாத்திரைப் பெட்டி மூடி செதுக்குறேன். காலைக்கு ஒரு புள்ளி, மதியத்துக்கு ரெண்டு, ராத்திரிக்கு நீளக் கோடு.

பிரெய்ல் போடலாமே? பிரெய்ல் புள்ளியோட உயரம் சுமார் அரை மில்லிமீட்டர். பல வருஷ சர்க்கரையில் விரல் நுனி உணர்ச்சியும் மங்கியிருக்கலாம். அதனால் 1 மி.மீ. உயரம் வைக்கிறேன்.

4/ அந்த 1 மி.மீ.ல 0.3 மி.மீ. மெஷினோட ஆட்டத்துல போச்சுன்னா? ஒரு புள்ளி எழும்பி நிக்கும், பக்கத்துப் புள்ளி அமுங்கியிருக்கும். தடவிப் பார்க்கிற விரலுக்கு ரெண்டு ஒண்ணாத் தெரியும். சர்க்கரையைக் குறைக்கிற சில மாத்திரைகளை ஒரே வேளையில் ரெண்டு தடவை போட்டா மயங்கி விழுற அளவுக்கு சுகர் இறங்கலாம். இசட் அச்சு எனக்கு முக்கியமானது இதனாலதான்.

5/ இசட் ஆடுதுன்னா உடனே ஆன்லைன்ல புது கிட் தேடுவோம். கொஞ்சம் பொறுங்க. முதல்ல டயக்னோசிஸ், அப்புறம்தான் மருந்து.

தேவை ஒரு டயல் கேஜ், 0.01 மி.மீ. காட்டுறது. மெஷின் பிரேம் அலுமினியம், காந்த ஸ்டாண்டு ஒட்டாது. கீழே ஒரு கனமான இரும்புத் தகடு வெச்சு அதுமேல ஒட்டுங்க. ஸ்பிண்டில் ஓடக்கூடாது, ஸ்டெப்பர் மோட்டார் மட்டும் லாக் ஆகியிருக்கணும்.

6/ சோதனை ஒண்ணு: ஒரே திசையில் 10 மி.மீ. நகரச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் 9.8 தான் நகருதுன்னா அது ஆட்டமே இல்லை, செட்டிங். பைசா செலவில்லாம சரியாயிடும்.

7/ சோதனை ரெண்டு: ஸ்பிண்டிலை விரலால் முன்னும் பின்னும் லேசாத் தள்ளுங்க. முள் ஆடினா ராடும் பேரிங்கும் லூஸ், இல்லேன்னா போல்ட் லூஸ்.

8/ சோதனை மூணு, பலரும் விடுறது இதுதான். 5 மி.மீ. இறக்கி ஏத்திப் பார்த்தா முள் சரியா பழைய இடத்துக்கு வந்துடும். "ஆட்டமே இல்லையே"ன்னு தோணும். காரணம், ஸ்பிண்டிலோட எடை நட்டை எப்பவும் ஸ்க்ரூவோட ஒரே பக்கத்தில் அழுத்தி வெச்சிருக்கு. எடை நோயை மறைக்குது.

இப்ப ஸ்பிண்டிலைக் கீழிருந்து கையால் தூக்குங்க. முள் எவ்வளவு நகருதோ அதுதான் நிஜமான ஆட்டம். கட்டர் கெட்டியான மரத்துல இறங்கும்போது மரமும் இப்படித்தான் மேல தள்ளும்.

படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நார்மல், ட்ரெட்மில்ல ஓடவிட்டா மாறுதுல்ல? அதே கதை.

9/ வைத்தியம், விலை குறைஞ்சதுல இருந்து. முதல்ல எல்லா போல்ட்டும், மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கிற கப்ளிங்கும் முறுக்குங்க. அடுத்து, கட்டரை காலட்டுக்கு வெளிய குறைவா நீட்டுங்க. நீட்டின நீளம் ரெண்டு மடங்கானா வளைவு எட்டு மடங்கு ஆகும். அப்புறம் ஸ்ப்ரிங் வெச்ச ஆன்டி-பேக்லாஷ் நட். பல மெஷினுக்கு இதோட வேலை முடிஞ்சது.

10/ சோதனை ரெண்டு அப்பவும் ஃபெயில்னா மட்டும் பெரிய மாற்றம்: பிளாஸ்டிக் உடம்பும் உருண்டை ராடும் போய், அலுமினியத் தகடும் லீனியர் ரெயிலும். ரெயில் உட்கார்ற பரப்பு சமமா இருக்கணும். பக்கத்து லேத் பட்டறையில் மில்லிங் பண்ணி வாங்குங்க. கோணலான தகட்டில் நல்ல ரெயில் மாட்டினா ஒரு இடத்துல இறுகும், இன்னொரு இடத்துல தளரும்.

11/ ஸ்க்ரூவும் மாத்துறீங்களா? கணக்கு பாருங்க. மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், 16 மைக்ரோஸ்டெப், ஆக 3200. ஒரு சுத்துக்கு 4 மி.மீ. நகர்ற ஸ்க்ரூன்னா மில்லிமீட்டருக்கு 800. 8 மி.மீ. ஸ்க்ரூன்னா 400. ஜிஆர்பிஎல்ல இது $102. மாத்தாம விட்டா 1 மி.மீ. இறங்கச் சொன்னா 2 மி.மீ. இறங்கும். கட்டர் காலி.

12/ பால் ஸ்க்ரூ ரொம்ப வழுக்கலா ஓடும். அதுவே ஆபத்து. கரண்ட் போனா கனமான ஸ்பிண்டில் தானா கீழ இறங்கலாம். மின்வெட்டு நம்ம ஊருக்குப் புதுசா? கட்டர் மாத்தும்போது அடியில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுங்க.

13/ ஒரு மூட்டுக்கு ஆபரேஷன் பண்ணினா அடுத்த மூட்டையும் பார்க்கணும். புது இசட் பழசைவிட கனம், முன்னாடி தொங்கும். எக்ஸ் ராடு வளையுதான்னு கேஜ் வெச்சுப் பாருங்க. $112ல வேகத்தையும் $122ல முடுக்கத்தையும் குறைச்சு ஆரம்பிங்க.

ஸ்பிண்டில் செங்குத்தா நிக்குதான்னும் பாருங்க. கேஜை ஸ்பிண்டில்ல கட்டி, கையால் வட்டமா சுத்தி நாலு பக்கமும் ஒரே ரீடிங் வரணும். வரலைன்னா, கூல்டிரிங்க்ஸ் கேனை வெட்டின தகடு சுமார் 0.1 மி.மீ. தடிமன், ஸ்பிண்டில் மவுண்டுக்கு அடியில் கொடுக்க அருமையான ஷிம்.

14/ இப்ப டாக்டரா பேசுறேன். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஐஏஆர்சி முதல் குழுவில் வெச்சிருக்கு, மூக்கும் சைனஸும் முக்கியமா. எம்டிஎஃப் பிசினில் இருக்கிற ஃபார்மால்டிஹைடும் அதே குழு. மெஷின் உறுதியானா அதிகமா வெட்டுவீங்க, தூளும் அதிகமாகும். வேக்குவம் வைங்க, என்95 போடுங்க. குழந்தைங்க தூங்குற ரூம்ல மெஷின் வேண்டாம்.

15/ உறுதியான இசட் கட்டரை இன்னும் பலமா அழுத்தும். உடைஞ்சா தெறிக்கும். பக்கமும் மூடின பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், பவர் கண்ணாடி போதாது. சுழல்றதுகிட்ட கையுறை கூடாது, துணியோட கையையும் இழுத்துடும். துப்பட்டா, தொளதொள சட்டைக்கும் அதேதான்.

16/ கண்ணுல ஏதாவது தெறிச்சு குத்தினா தேய்க்காதீங்க, கழுவாதீங்க, பிடுங்காதீங்க. பேப்பர் கப் மாதிரி அழுத்தாத ஒண்ணால மூடி, நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. "வேகமா சுத்துற கட்டர் உடைஞ்சு தெறிச்சது"ன்னு மறக்காம சொல்லுங்க. வெளியே சின்னக் கீறல்தான் தெரியும், உள்ளே உலோகத் துகள் இருக்கலாம். அந்தச் சந்தேகம் தீராம எம்ஆர்ஐ எடுக்கக்கூடாது.

17/ இந்த மூணு சோதனையையும் உங்க மெஷின்ல பண்ணி, முள் எவ்வளவு ஆடுச்சுன்னு கீழ போடுங்க. பார்ட்ஸ் வாங்கணுமா, போல்ட்டை முறுக்கினா போதுமான்னு சேர்ந்து பார்ப்போம். மாத்திரைப் பெட்டி டிசைன் வேணும்னாலும் கேளுங்க, தர்றேன்.