மகளின் கைக்கு ஒரு கத்தி

பிள்ளையின் கையில் கத்தியைக் கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஓடிப்போய்ப் பறித்தெடுப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். பறித்ததோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தேன். அதைச் சொல்ல இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

என் மகளுக்கு அப்போது 11 வயது. கையில் ஒரு மரத்துண்டு கிடைத்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் மறந்துவிடும். வேலியில் வெட்டிப் போட்ட முள்முருக்கங் கொப்பொன்றை எடுத்து வைத்துக்கொண்டு, குசினியில் கிடந்த பழைய கத்தியால் பல நாட்களாக ஒரு குருவியைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பின்னேரம் கத்தி வழுக்கி, இடது கைப் பெருவிரலில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு இருந்த பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. "பொம்புளப் புள்ளைக்கு இந்த வேலை என்னத்துக்கு?" என்று சத்தம் போட்டு, பாதி முடிந்திருந்த அந்தக் குருவியை எடுத்து விறகடுப்பில் போட்டேன். தையல் போடும்போது கத்தி அழுத பிள்ளை, அப்போது அழவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு பல நாட்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைத் தவிர அவள் என்னோடு பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை என் மூத்த காக்கா வந்தார். லொறி திருத்தும் கராஜ் வைத்திருப்பவர். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அந்தக் கத்தியைக் கொண்டு வரச் சொன்னார். அதன் வாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது மொட்டைக் கத்தி. அதான் புள்ளட கைய வெட்டியிருக்கு" என்றார்.

எனக்கு அது புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். கூரான கத்தி மரத்துக்குள் தானாக இறங்கும். மொட்டைக் கத்தியை முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். அழுத்துகின்ற கத்தி மரத்தில் பிடிக்காமல் வழுக்கினால், அந்தப் பலமெல்லாம் விரலில்தான் போய் முடியும். தக்காளியை மொட்டைக் கத்தியால் வெட்டிப் பார்த்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அன்றுவரை நான் அதை யோசித்ததில்லை.

"நான் அவக்கு ஒரு கத்தி அடிச்சுக் குடுக்கப் போறன்" என்றார் காக்கா. நான் சம்மதிக்கவில்லை. கட்டாரிலிருக்கும் என் கணவரிடம் தொலைபேசியில் முறையிட்டேன். அவரோ, "நீங்க பக்கத்தில இருந்து பாத்தா என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வாப்பா ஒரு தச்சர். அவர் மௌத்தான பிறகும் அவருடைய ஆயுதப் பெட்டி என் வீட்டில்தான் இருந்தது. சிறு வயதில் அந்தப் பெட்டியைத் தொட எனக்கு அனுமதி இருக்கவில்லை. காக்காமார் தொடலாம், நான் தொடக்கூடாது. அதன் அடியில் கிடந்த துருப்பிடித்த, பல் தேய்ந்த அரம் ஒன்றைக் காக்கா எடுத்தார். நல்ல அரம் கரிச்சத்துக் கூடிய உருக்கினால் செய்யப்பட்டது. ஏறத்தாழ நூற்றுக்கு 1 பங்கு கரி இருப்பதால் அதில் நல்ல கூர் நிற்கும் என்றார்.

மகளுக்குத் தெரியாமல் அவளுடைய கையை அளவெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு நான்தான் வழி கண்டேன். ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டையை நீளமாக உருட்டி, "இத இறுக்கிப் புடி மகள்" என்று கொடுத்தேன். அவளுடைய விரல்கள் பதிந்த மாவை அப்படியே காக்காவிடம் அனுப்பினேன். நான்கு விரல்களும் அடங்கும் அந்தச் சின்னப் பிடியைப் பார்த்தபோது, அத்தனை நாளும் என்னுடைய கைக்கு அளவான கத்தியோடு அவள் போராடியிருக்கிறாள் என்பது விளங்கியது.

வேலை நடப்பதைப் பார்க்க நானும் கராஜுக்குப் போனேன். காக்கா முதல்நாளே அரத்தைச் சிரட்டைக்கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டிருந்தார். அதனால் அது மெதுவாகியிருந்தது. பிறகு பற்களை முற்றாகத் தேய்த்து எடுத்தார். ஒரு பல்லின் கோடு மிஞ்சினாலும் பின்னர் அந்த இடத்தில் வெடிக்குமாம். நெருப்புக்குக் காற்று ஊதும் சக்கரத்தைச் சுற்றுவது என் வேலையாயிற்று. இரும்பு செம்மஞ்சள் நிறமாக இருக்கும்போதுதான் சுத்தியலால் அடித்தார். நிறம் மங்கியதும் மறுபடி நெருப்பில் வைத்தார். ஆறிய இரும்பை அடித்தால் அது வளையாது, வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு அங்குல நீளத்தில் சின்னஞ்சிறிய அலகொன்று உருவாகியது.

இரும்பு மென்மையாக்கிக் கொடுக்கப்பட்ட நபி தாவூத் (அலை) அவர்கள் தமது கை உழைப்பில் உண்டார்கள் என்று மதரஸாவில் படித்திருக்கிறேன். ஆனால் இரும்பு மென்மையாவதை என் கண்ணால் கண்டது அன்றுதான்.

இரும்பு வேலை நமது நாட்டுக்குப் புதியதுமல்ல. பலாங்கொடைப் பக்கத்தில் சமனலவெவவில், தென்மேல் பருவக்காற்றைக் கொண்டே உலைகளை எரித்து 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்த ஆய்வு 1996இல் வெளியாகி உலகத்தின் கவனத்தைப் பெற்றது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கைக் குறிப்பிட்டிருக்கிறார். நம் தீவின் பெயர்தான் அது!

அடுத்து இரும்புக்குக் கடினம் ஏற்ற வேண்டும். அலகை மறுபடி காய்ச்சி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார் காக்கா. ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போய்விடும். அதற்குச் சற்று மேலே காய்ந்ததும், வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயில் அமிழ்த்தினார். குப்பென்று புகை எழும்பியது. எண்ணெய் தீப்பிடித்தால் மூடுவதற்குத் தகர மூடியொன்றைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். ஆறிய பின் இன்னொரு அரத்தால் உரசிப் பார்த்தார். அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"முடிஞ்சிதா காக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. இப்ப இது கண்ணாடி மாதிரி. கீழ விழுந்தா உடைஞ்சிடும். இனி உன்ட குசினியிலதான் வேலை" என்றார்.

கடினம் மட்டும் இருந்தால் உருக்கு உடைந்துவிடும். அதை மெதுவாகச் சுட்டுப் பதப்படுத்த வேண்டும். அலகைப் பளபளப்பாகத் தேய்த்து, நான் கேக் சுடும் மின் போறணையில் 200 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் ஒரு மணித்தியாலம் வைத்தோம். வெள்ளையாக இருந்த உருக்கு மெல்ல மெல்ல வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்தது. பாகு காய்ச்சும்போது நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்லும் நமக்கு இது தெரிந்த வேலைதானே! "காக்கா, பதம் வந்திட்டு" என்று சொன்னவள் நான்தான். போறணைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது என்னைப் பற்றியே யோசித்தேன். பிள்ளை நன்றாக இருக்க வேண்டுமென்ற எண்ணத்தில் கடினமாக மட்டும் இருந்திருக்கிறேன்.

முற்றத்துக் கொய்யா மரத்தின் கொப்பிலிருந்து, மாவில் பதிந்த அளவுக்குப் பிடி செய்தார். தீட்டுக்கல்லில் தீட்டி, பழைய தோல் வாரில் தேய்த்து முடித்ததும், ஒரு கடதாசியைக் கத்தியில் வைத்தார். சத்தமில்லாமல் அது இரண்டாகியது.

கொடுக்கும்போது காக்கா நிபந்தனைகளும் சொன்னார். உட்கார்ந்துதான் செதுக்க வேண்டும். மரத்தைத் தொடைமேல் வைக்கக்கூடாது. தொடையில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. கத்தி எப்போதும் உடம்பை விட்டு வெளியே போக வேண்டும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக்கூடாது. மரம் பிடிக்கும் பெருவிரலுக்குத் தோலுறை போட வேண்டும். எழும்பும்போது கத்தி உறைக்குள் இருக்க வேண்டும். உம்மா பக்கத்தில் இல்லாமல் எடுக்கவே கூடாது.

மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிடியை விரல்களால் மூடிப் பார்த்தாள். அது அவளுடைய கைக்குள் சரியாக இருந்தது. எதிர்பாராத அளவுக்குச் சரியாக இருந்ததால், என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது மூத்தாப்பாட அரம் மகள்" என்றேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன்: "உன்ட குருவிய எரிச்சது உம்மாட பிழை."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இப்போது அஸருக்குப் பிறகு நாங்கள் இருவரும் திண்ணையில் இருப்போம். அவள் செதுக்குவாள், நான் அரிசி பார்ப்பேன், அல்லது சும்மா இருப்பேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் என்னிடம் சொல்லும் கதைகளை முன்னர் ஒருநாளும் சொன்னதில்லை. இதுவரை இரண்டு தடவை சின்னக் கீறல்கள் பட்டிருக்கின்றன. பிளாஸ்டர் ஒட்டினோம், அவ்வளவுதான். முதன்முதலாக எனக்கொரு அகப்பை செய்து தந்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆணம் அள்ளினால் ஒழுகும். ஆனாலும் அதைத்தான் பாவிக்கிறேன்.

சகோதரிகளே, எல்லாப் பிள்ளைகளுக்கும் கத்தி கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு அது தையல் ஊசியாக இருக்கலாம். சிலருக்கு ஆணம் காய்ச்சும் அடுப்பாக இருக்கலாம். பிள்ளை ஆசையோடு தொடும் ஒரு வேலையைக் கண்டால், பறிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையின் கைக்கு அளவான நல்ல ஆயுதம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பக்கத்தில் உட்காருங்கள்.

அந்தக் குருவியை அவள் மறுபடி செய்யவில்லை. செய்யச் சொல்லி நானும் கேட்கவில்லை.