புரா: தாழிகளின் ஊர்

நைஜர் நாட்டின் தென்மேற்கே, தில்லாபேரி வட்டாரத்தில் இருக்கிறது புரா. முழுப்பெயர் புரா அசிண்டா சிக்கா. ஆண்டில் சில மாதங்களே மழை காணும், கம்பு விளையும் சாஹேல் பூமி. இந்தச் சிற்றூரின் பெயரைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் தொன்மையான ஒரு பண்பாட்டுக்கே சூட்டியிருக்கிறார்கள்.

1975-ல் இங்கே சுடுமண் தலைகள் வெளிப்பட்டன. 1983-ல் அகழாய்வு நடந்தது. நைஜர் தொல்லியல் அறிஞர் பூபே காடோ இந்தப் பணியில் முன்னின்றவர். மண்ணுக்குள் இருந்தது ஓர் இடுகாடு. கி.பி. 3 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையிலானது என்று பொதுவாகக் கணிக்கிறார்கள்.

தாழிகளை வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் புதைத்திருக்கிறார்கள். சில நீண்ட குழாய் போலவும், சில அரைக்கோளமாகவும் இருக்கின்றன. உள்ளே மனித எலும்பும் பற்களும், கூடவே இரும்பு அம்புமுனைகளும் கிடைத்தன. தாழியின் உச்சியில்தான் சிற்பம் அமர்ந்திருக்கும். பலவற்றில் முகம் தட்டையான பலகைதான். நீண்ட மூக்கு, கீறிவிட்டாற்போல் கண்கள், கன்னத்திலும் நெற்றியிலும் வரிவரியாகத் தழும்புக் கோலங்கள். குதிரை வீரர்களும் உண்டு. வீரனின் கையில் அடுக்கடுக்காய்க் காப்பு, கழுத்தில் மாலை; குதிரைக்கும் கடிவாளம், அணிமணி எல்லாம் உண்டு. குதிரை வைத்திருந்தவர் அந்தச் சமூகத்தில் பெரிய மனிதர் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்கு இந்தச் சிற்பங்களைத் தனியே பார்க்கச் சம்மதமில்லை. கீழே தாழி, அதற்குள் எலும்பு, பக்கத்தில் அம்புமுனை, மேலே முகம்: நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரு மனிதரின் கல்லறை. 1993-ல் பாரிஸில் தொடங்கிய நைஜர் பள்ளத்தாக்குக் கண்காட்சியில் புராவின் சிற்பங்களை உலகம் பார்த்து வியந்தது. அந்தப் புகழே வினையாயிற்று. வெளிநாட்டுச் சந்தையில் விலை ஏற ஏற, திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் இடுகாடுகளுக்குள் புகுந்தார்கள். விலைபோகும் முகத்தை எடுத்துக்கொண்டு எலும்பையும் உடைந்த ஓடுகளையும் அப்படியே சிதறவிட்டார்கள். எந்தத் தாழியின் மேல் இருந்தது என்று தெரியாத தலையிலிருந்து, புதைக்கப்பட்டவர் யாராக இருந்திருப்பார் என்று எந்த ஆய்வாளரும் யோசிக்கக்கூட வழியில்லை.

சர்வதேச அருங்காட்சியக மன்றம் 2000-த்தில் வெளியிட்ட ஆப்பிரிக்கத் தொல்பொருள் சிவப்புப் பட்டியலில் புரா சிற்பங்களும் இடம்பெற்றன. அவற்றை வாங்காதீர்கள் என்று அருங்காட்சியகங்களையும் ஏலக்கூடங்களையும் சேகரிப்பாளர்களையும் அது கேட்டுக்கொண்டது. நைஜர் அரசு புராவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது 2006-ல். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தால் ஊருக்குப் பெருமைதான். அதற்கும் முன்னால், இன்னும் தோண்டப்படாத தாழிகளைக் காக்க நிரந்தரக் காவல் வேண்டும்.