இத்தாலியப் பிரயாணம் (7): எத்தோ என்றொரு சொல்

நேப்பிள்ஸில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் காலை எட்டு மணிக்கு ஒரு கறுப்புக் கார் வந்து நின்றதும், இன்றைய ஒரு நாளாவது ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஓடாமல் ஜமீன்தார்களைப்போல் பிரயாணம் செய்யப்போகிறோம் என்று எனக்கு உண்டான சந்தோஷத்தில், அதற்காக முன்னதாகவே கட்டியிருந்த 400 யூரோவை, அதாவது அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 36,000 ரூபாயை, க்ஷணநேரம் மறந்துவிட்டேன். பணம் வாங்கிக்கொண்ட ஸ்தாபனம் அனுப்பியிருந்த காகிதத்தில், 'அமால்ஃபிக் கடற்கரை, தனி வழிகாட்டியுடன் எட்டு மணி நேரம்' என்று கண்டிருந்தது. வந்தவருக்கு வயது அறுபதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, காரின் உட்புறமோ, செருப்புக் காலை உள்ளே வைக்க என் மனைவி ஒரு நிமிஷம் தயங்கும்படியான சுத்தம். என்னை அவர் "தோத்தோரே" என்று அழைத்தபோது, நான் வைத்தியனுமல்ல, பண்டிதப் பட்டம் பெற்றவனுமல்ல என்று மறுக்கப் போனேன். ஆனால் நம்மூர்க் கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவர் வருகிறவர்களையெல்லாம் 'முதலாளி' ஆக்கிவிடுவதுபோல, மூக்குக் கண்ணாடியும் கொஞ்சம் நரையும் இருந்தால் நேப்பிள்ஸ்காரர்கள் எவரையும் தோத்தோரே ஆக்கிவிடுவார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

நகரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே அவர் ஒரு விஷயத்தைப் பணிவாகச் சொல்லி வைத்தார். தாம் சாரதிதானேயன்றி வழிகாட்டியல்ல. இந்த நாட்டுச் சட்டப்படி வழிகாட்டி என்பவர் பரீட்சை எழுதி அனுமதிச் சீட்டுப் பெற்றவராக இருக்கவேண்டும். ஆகையால் காரிலும் பாதையோரத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார், கோயிலுக்குள்ளோ காட்சிசாலைக்குள்ளோ எங்களுடன் வந்து ஒரு வார்த்தையும் விளக்கிச் சொல்லமாட்டார். அப்படியானால் காகிதத்திலிருந்த வழிகாட்டி எங்கே என்று கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினார். கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மலையின் முதுகைக் கடந்து மறுபக்கம் இறங்கியதும் சமுத்திரம் வந்தது. நீலம் என்று எழுதினால் சென்ற ஆறு இதழ்களிலும் எழுதிய நீலமாகிவிடும். ஆகையால் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நேப்பிள்ஸை ஆண்ட பூர்போன் அரசர்கள் செங்குத்தான மலையின் விலாவைச் செதுக்கி இதைப் போடத் தொடங்கும்வரையில், இந்த ஊர்களுக்கு வர வேண்டுமானால் படகில் வரவேண்டும், அல்லது கோவேறு கழுதையின் பின்னால் படியேறி இறங்கவேண்டும். இரண்டு கோச்சு வண்டிகளுக்குப் போதுமான அகலத்தில் போட்ட பாதையில் இன்று உலகத்து உல்லாசப் பிரயாணிகள் அத்தனை பேரும் வருகிறார்கள். நெரிசல் தாங்காமல், நெருக்கடி நாட்களில் பகல் வேளையில் ஒற்றைப்படை எண் கார்கள் ஒரு நாளும் இரட்டைப்படை எண் கார்கள் மறு நாளும் மட்டும் வரலாமென்று 2022இல் ஒரு விதி ஏற்படுத்தினார்கள்; எங்களைப்போல் உரிமம் பெற்ற சாரதியோடு வருகிறவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இவ்வளவு விதியிருந்தும், ஒரு வளைவில் எதிரே வந்த பஸ் எங்களைக் கடப்பதற்காக இரு வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளையும் மடக்கி, இரண்டு சாரதிகளும் ஜன்னல் வழியே ஒருவரையொருவர் வைது, பிறகு குடும்ப க்ஷேமமும் விசாரித்துக்கொண்டு நகர்ந்தபோது, என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழக்கு நோக்கிப் போகும்போது கடல் வலப்பக்கத்தில், அதாவது இந்நாட்டு வழக்கப்படி நாம் போகிற பக்கத்திலேயே இருக்கிறது. பார்ப்பதற்கு அது வசதி. பயப்படுவதற்கும் அதுவே வசதி.

பொஸிடானோவுக்குச் சற்று மேலே, மலைச்சரிவில் வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்பதுபோன்ற காட்சி தெரியும் திருப்பத்தில் இறங்கினோம். ஒரு காலத்தில் பிழைப்பில்லாமல் இவ்வூர் ஜனங்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்களாம். பிறகு 1953இல் ஸ்டைன்பெக் என்ற அமெரிக்க நாவலாசிரியர் ஒரு பத்திரிகையில் இதைப் புகழ்ந்து கட்டுரை எழுத, அமெரிக்கா இங்கே கப்பலேறி வரத் தொடங்கியது. கடலில் மூன்று சிறு தீவுகளைக் காட்டி, பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்கிக் கொன்ற மோகினிகள் அங்கேதான் இருந்தார்கள் என்று கிரேக்கர் கதை சொல்வதாக நம் சாரதி சொன்னார். "இப்போது அவர்கள் கரைக்குக் குடி வந்துவிட்டார்கள், தோத்தோரே. கார் நிறுத்துமிடங்களெல்லாம் அவர்களுடையவை."

வழியில் ஒரு கடையில் எலுமிச்சம்பழம் பார்த்தோம். எலுமிச்சை என்று சொல்ல வாய் வரவில்லை. நம்மூர் நார்த்தங்காயின் பருமன், இரு முனையும் கூர்ந்து நீண்டிருந்தது. மலையைப் படிப்படியாக வெட்டி, கல்சுவர் கட்டி, கஷ்கொட்டை மரக் கம்புகளால் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். கடைக்காரர் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்ததைத் தோலோடு தின்றுவிட்டு, "இதை உப்புப் போட்டு ஊற வச்சா ஒரு வருஷத்துக்கு வருங்க" என்றாள் என் மனைவி. இங்குள்ளவர்களோ தோலைச் சாராயத்தில் ஊறப் போடுகிறார்கள்.

இனி மத்தியான போஜனத்துக்கு வருகிறேன். வாஸ்தவத்தில் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கத்தான் நினைத்திருந்தேன்.

சாரதி எங்களை அழைத்துச் சென்ற உணவு விடுதி, கடலின்மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் இருந்தது. வெள்ளை விரிப்பு, துணிக் கைக்குட்டை, தும்பைப்பூப்போன்ற தட்டுகள். சுத்தத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் பிறந்தவளாகையால் வெளியூர் மீனை நம்பாத என் மனைவி எலுமிச்சைச் சாறு சேர்த்த மக்ரோனிக்குச் சொன்னாள். விலை 18 யூரோ. நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, 'பைத்தியத் தண்ணீரில் வெந்த மீன்' என்று பொருள்படும் ஒரு பதார்த்தத்துக்கு நேரே 7 என்று கண்டிருந்தது. தக்காளியும் பூண்டும் தண்ணீரும் சேர்த்து மீனை வேக வைப்பதற்குத்தான் இந்த நாட்டில் அப்படிப் பெயர். கடற்கரையில் மீன் மலிவாகத்தானே இருக்கும் என்று ஒரு சித்தாந்தம் செய்துகொண்டு, மாவுப் பண்டத்துக்கு 18 யூரோ கொடுக்கும் அவளுடைய அஜாக்கிரதையைப் பற்றிச் சிறு பிரசங்கமும் செய்தேன்.

பரிசாரகர் ஒரு தட்டில் மூன்று பச்சை மீன்களை ஏந்திவந்து, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைக் காட்டுவதுபோல் குனிந்து காட்டினார். இது அவ்வூர் உபசார வழக்கம் போலும் என்று எண்ணி, நடுவிலிருந்த பெரியதை நோக்கிப் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினேன். மீன் வந்தது. அதன் ருசியைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன்: முள்ளிலிருந்து தானே கழன்று விழும் வெண்மையான தசையும், ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றாலும் அலுக்காத அந்தப் பைத்தியத் தண்ணீரும், இத்தாலிக்கு வந்த பத்து நாளில் நான் உண்ட ஆகாரத்திலெல்லாம் உத்தமமானவை. என் மனைவியே மூன்று கவளம் வாங்கிக்கொண்டாள்.

பில் வந்தது. மீன் 84 யூரோ, மக்ரோனி 18, தண்ணீர் 4, மேஜைக்கு முன் உட்கார்ந்ததற்காகத் தலைக்கு 3 வீதம் 6, ஆக 112.

கூட்டலில் பிழையென்று சிரித்துக்கொண்டே சுட்டிக் காட்டினேன். பரிசாரகரும் சிரித்துக்கொண்டே பட்டியலைக் கொண்டுவந்து, 7 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சிட்டிருந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். 'எத்தோ.' எத்தோ என்றால் நூறு கிராமாம்! நான் தலையாட்டிச் சம்மதித்த மீன் ஒரு கிலோ இருநூறு கிராம், ஆக பன்னிரண்டு எத்தோ. சிரிப்பை நிறுத்திவிட்டு முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன். அவர் தராசோடு வந்தார். தின்று தீர்த்த மீனை எப்படி நிறுப்பது என்று கேட்டேன். முள்ளைக் காட்டி, இதன் நீளத்தைப் பாருங்கள் என்றார். எங்கள் ஊரில் பொடிமீனைக் கூறு கட்டி விற்பார்கள், பெரிய மீனுக்கு நிறுவையைச் சொல்லித்தான் விலை பேசுவார்கள், நிறையைச் சொல்லாமல் தலையாட்ட வைப்பது நியாயமல்ல என்று நான் ஆங்கிலத்தில் வாதாட, இது இத்தாலி முழுவதும் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் என்று அவர் இத்தாலிய மொழியில் வாதாட, இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பதற்காகச் சமையற்கட்டிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார் நம் சாரதி. அந்த வாய் துடைத்தலைக் கண்டதும் என் மனத்தில் எழுந்த சந்தேகத்தை வாசகர்களும் ஊகித்திருப்பார்கள்.

"என்னங்க, சாப்பிட்டாச்சு. மீன் நல்லாத்தானே இருந்துச்சு? குடுத்துட்டு வாங்க, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள் என் மனைவி. கொடுத்தேன். சமாதானத்துக்கு அடையாளமாக முதலாளி எலுமிச்சைத்தோல் சாராயம் இரண்டு சிறு கிண்ணங்களில் அனுப்பினார். அவள் தொடவில்லை. 84 யூரோவுக்கு இதுவாவது வரவாகட்டும் என்று இரண்டையும் நானே குடித்தேன்.

காரில் ஏறியதும் சாரதியை நேராகவே கேட்டுவிட்டேன், அந்த விடுதியில் அவருக்கு என்ன கமிஷன் என்று. அவர் வெகுநேரம் பேசவில்லை. இரண்டு வளைவு கடந்த பிறகு, "ஒரு தட்டு மக்ரோனி கொடுக்கிறார்கள், தோத்தோரே, அதை நான் எடை பார்த்ததில்லை" என்றார். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டிருக்க வேண்டியதில்லை என்று தோன்றிற்று.

இந்த மனநிலையில் அமால்ஃபிக்கு வந்தால் சரித்திரம் எப்படிக் காதில் ஏறும்? இன்று ஐயாயிரம் பேர் இருக்கும் இச்சிற்றூர் ஒரு காலத்தில் கீழ்த்திசைக் கடல்களில் வாணிபம் செய்த சுதந்திரக் குடியரசு. 1135லும் 1137லும் பைஸா நகரத்தார் கொள்ளையிட்டதும், 1343இல் பெரும் புயல் துறைமுகத்தைக் கடலுக்குள் இழுத்துச் சென்றதும் இதன் கதையை முடித்தன. 62 படி ஏறினால் பேராலயம். பதினோராம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வார்த்த வெண்கலக் கதவுகளைத் தடவிப் பார்த்தேன். 1208இல் அங்கிருந்தே கொண்டுவந்த அந்திரேயா அப்போஸ்தலரின் அஸ்திகள் கீழறையில் இருக்கின்றன. மயிலாப்பூரில் அடக்கமானவர் என்று நாம் கொண்டாடும் தோமையாரின் அஸ்திகளும் இதே இத்தாலியின் மறுகரையில், ஓர்த்தோனா என்னும் ஊரில், 1258 முதல் இருப்பதாக ஐதிகம். இதைச் சொல்ல ஆளைத் தேடினேன். சாரதியோ சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அறுபத்திரண்டு படிக்கும் கீழே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

கடற்கரைச் சதுக்கத்தில், திசைகாட்டும் கருவியைக் கண்டுபிடித்தவரென்று ஃப்லாவியோ ஜோயா என்பவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு மனிதர் இருந்ததேயில்லை என்றும், பழைய லத்தீன் வாக்கியம் ஒன்றில் காற்புள்ளியைப் பிசகிப் படித்ததில் பிறந்தவர் அவர் என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகிறார்களாம். ஒரு காற்புள்ளியைத் தவறவிட்டவர்கள் ஊருக்கு ஒரு மகானைச் சம்பாதித்தார்கள். நான் ஒரு சொல்லைத் தவறவிட்டுச் சம்பாதித்தது என்ன என்று கணக்குப் பார்த்துக்கொண்டே, மலசலம் கழிக்கவும் காசு கேட்கும் இடத்தில் இன்னும் ஒரு யூரோ கொடுத்தேன். இடம் சுத்தமாகத்தான் இருந்தது. நம் நாட்டில் காசு கொடுத்தும் கிடைக்காத சுத்தம்.

ராவெல்லோவைப் பற்றி விஸ்தாரமாக எழுதவேண்டும் என்று குறிப்பெடுத்து வைத்திருந்தேன். மலையுச்சி ஊர், வில்லா ரூஃபோலோ என்னும் மாளிகையின் தோட்டத்தை 1880இல் கண்ட வாக்னர் என்ற ஜெர்மானிய சங்கீத மேதை, தமது இசை நாடகத்தின் மந்திரவாதியினுடைய தோட்டம் அகப்பட்டுவிட்டது என்று பரவசப்பட்டாராம். எனக்கு முழங்கால் வலி. பெஞ்சில் உட்கார்ந்தேன். ரமணீயமான இடந்தான்.

நான்கு மணிக்கு ஒப்பந்த நேரம் முடிந்தது. ஆனால் சாரதி நேப்பிள்ஸ் பாதையைப் பிடிக்காமல், "அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லி, எங்கள் காகிதத்தில் இல்லாத செத்தாரா என்னும் மீனவ ஊரில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் மனைவி பிறந்த ஊராம். படகுகளும் வலைகளும் மீன் வாடையும் கலந்த அந்தத் துறையில் கால் வைத்ததும் என் மனைவியின் நடையே மாறிவிட்டது.

ஒரு சிறு கடையின் உட்புறத்தில், எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி, மரப்பீப்பாயின் முன் உட்கார்ந்து கைவிரல் நீள மீன்களைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். "இது நம்ம நெத்திலியேதாங்க!" என்று சொல்லிக்கொண்டே இவள் பக்கத்தில் குந்தி, ஒரு மீனை எடுத்துக் கட்டைவிரலால் தலையைக் கிள்ளி, குடலும் கூடவே வரும்படி ஒரே இழுப்பில் இழுத்துக் காட்டினாள். பாட்டி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி யாரையோ உரக்கக் கூப்பிட்டார். மருமகளும் பேரனும் வந்தார்கள். மறுபடி ஒரு மீன். மறுபடி சிரிப்பு. இரு பெண்டிரும் அரைமணி நேரம் சம்பாஷித்தார்கள். ஒருவர் நாகப்பட்டினத்துத் தமிழ், மற்றவர் செத்தாரா இத்தாலியன். ஒருவரும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவில்லை.

தலை கிள்ளிய மீனை உப்போடு அடுக்கடுக்காகப் பீப்பாயில் வைத்து, மேலே பலகையும் கல்லுமாகப் பாரம் ஏற்றி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிறகு அடியில் துளையிட, தேன் நிறத்தில் ஒரு சாறு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அதன் பெயர் கொலாத்தூரா. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் இதைச் சேர்த்தே மக்ரோனி தின்பார்கள். வேக வைக்கும் தண்ணீரில் அன்று உப்புப் போடுவதில்லை. பழைய ரோமர்கள் உயிரை விட்ட மீன்சாற்றின் சந்ததி இது என்கிறார்கள். சென்ற இதழில், தன் வீட்டு முற்றத்தில் மீன்சாற்று ஜாடிகளையே சித்திரமாகப் பதித்துக்கொண்ட ஸ்கௌருஸ் என்ற பொம்பேயி வணிகனைப் பற்றி எழுதி, நாற்றம் பிடித்த ரசனை என்று கேலி செய்திருந்தேன். பாட்டி ரொட்டித் துண்டில் நாலு சொட்டு விட்டு நீட்டியதை வாயில் போட்ட பிறகு, அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இவள் ஒரு சிறு புட்டி வாங்கினாள். நூறு மில்லி, 15 யூரோ. எத்தோவுக்கு 15! மத்தியான மீனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. பாட்டி பாதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவள் கைப்பையில் திணித்தார்.

விடுதிக்குத் திரும்பும்போது மணி ஏழு. சாரதிக்கு 20 யூரோ கொடுத்தேன். அதிகமோ குறைவோ என்று படுக்கும்வரையில் தீர்மானமாகவில்லை. புட்டியைத் தன் பட்டுப்புடவைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள் என் மனைவி. வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் காப்ரித் தீவுக்குப் போவதாக இருந்தோம். காற்று அதிகமென்று படகு விடவில்லை. ஆகையால் காப்ரியைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.