வளர்ப்புக் குடும்பம்: நாகர்கோவிலில் யாரை அணுகுவது?

வளர்ப்புப் பராமரிப்பு தத்தெடுப்பு அல்ல. பெற்ற குடும்பம் கவனிக்க இயலாத குழந்தையை இன்னொரு குடும்பத்தில் வளர வைக்கும் ஏற்பாடு இது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 44 இதற்கு வழி செய்கிறது. உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமலிருக்க முயல வேண்டும் என்கிறது அச்சட்டம். பெற்றோர் வந்து பார்க்கலாம். குழந்தையை ஒப்படைப்பதும், மாதந்தோறும் வீட்டை ஆய்வு செய்வதும் குழந்தைகள் நலக்குழுவின் பொறுப்பு. 2024 வழிகாட்டுதல்படி, தத்தெடுக்கத் தகுதி பெறும் குழந்தையை, வளர்க்கும் குடும்பமே இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தத்தெடுக்கலாம். முன்பு ஐந்து ஆண்டுகள்.

ஆனால் வளர்ப்புக் குடும்பத்தைத் தேடுவதற்கு முன், குழந்தை சொந்த வீட்டைவிட்டுப் பிரியாமல் காப்பதே முதல் வேலை. கடலில் தந்தையை இழந்த மீனவர் வீடு, நோயில் முடங்கிய ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வீடு போன்றவற்றுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய். இத்தகைய வீடுகளைக் கண்டறிவது, விண்ணப்பம் எழுத உதவுவது, ஆற்றுப்படுத்துவது, பள்ளி இடைநிற்றலைத் தடுப்பது ஆகியவற்றில் தொண்டு நிறுவனங்கள் கைகொடுக்க முடியும்.

நாகர்கோவிலில் வளர்ப்புப் பராமரிப்புக்கோ இந்த உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். ஆபத்திலிருக்கும் குழந்தையைக் கண்டால் 1098க்கு அழையுங்கள், கட்டணமில்லை.