மூலிகையும் மூலிகமும்

மூலிகை நோய் தீர்க்கும். சுயாதீன மூலிகமோ நோய் விளைக்கும். சோடியிழந்த இலத்திரனையுடைய துகளையே இரசாயனவியலார் இப்பெயரால் வழங்குவர். சிகரட்டை ஒருமுறை இழுப்பினும் இத்துகள்கள் கோடிகோடியாக நுரையீரலுட் புகும். புகுந்தவை தம் குறை நிரப்ப அயல் மூலக்கூறுகளின் இலத்திரனைப் பறிக்கும், கலமென்சவ்வு சிதையும், பரம்பரையலகும் பழுதுறும். புற்றுநோய்க்கு அது வித்தாகலாம். இவற்றைத் தணிக்கும் விற்றமின் சீ, புகைப்போர் குருதியிற் குன்றியிருக்கும். நெல்லிக்கனியுண்டு ஈடுசெய்வோமென்பார் உளர். புகை தொடருமளவும் அஃது ஓட்டைக்குடத்தில் நீர் வார்த்தலே.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதார்க்குப் புகையிலை விற்றலைத் தடுக்கின்றது. ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் மாணவர் வீட்டுப் பெரியோரைக் கண்டே பழகுகின்றனர். அருகிருந்து அப்புகையை உட்கொள்வோரும் அவர்களே. ஆதலின், பழைய மாணவ அன்பர்காள், இவ்யூபிலி நினைவாகச் சிகரட்டைக் கைவிடுமாறு ஆசிரியராகிய நாம் வேண்டுகின்றோம்.